வேலியும் பொட்டும்: வீட்டுக் கணினியை எவ்வளவு பூட்டுவது?

கிடுகு வேலியை எவ்வளவு உயரமாக, எவ்வளவு நெருக்கமாக அடைத்தாலும், படலை தூரத்தில் இருந்தால் யாழ்ப்பாணத்து வளவுகளில் எங்காவது ஒரு பொட்டு விழுந்துவிடும். இரண்டு கதியாலுக்கு நடுவே ஓர் ஆள் குனிந்து போகக்கூடிய இடைவெளி. அடுத்த வீட்டுக் கிணற்றடிக்குப் போகவும், ஒரு கறிவேப்பிலைக் கெட்டுக் கேட்டு வரவும் அந்த வழிதான். அதை வெட்டியவர் கள்ளன் இல்லை, வீட்டுக்காரர். நாளுக்கு நாலு தரம் தெருவால் சுற்றிப் போக ஏலாமல் வெட்டினார்.

வீட்டுக் கணினியிலும் இதேதான் நடக்கிறது. கடவுச்சொல் நீளமாக இருந்தால் திரையின் ஓரத்தில் ஓர் ஒட்டுத்தாள் ஏறும். கணினி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகப் பூட்டிக்கொண்டால், வகுப்பு நடக்கும்போது தொல்லை என்று பிள்ளை அந்த அமைப்பையே நிறுத்திவிடும். வைரஸ் தடுப்பு ஒரு விளையாட்டை ஓட விடாவிட்டால், "கொஞ்ச நேரத்துக்கு" என்று அதை நிறுத்துவார்கள். பிறகு திருப்பிப் போட யாருக்கும் நினைவிராது. எல்லாம் பொட்டுகள்தான். வேலி கட்டியவருக்கு அவை தெரிவதில்லை என்பதுதான் ஆபத்து.

இதைத் துறைசார்ந்தவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். 1883இல் ஓகுஸ்ட் கெர்க்கோப்ஸ் என்ற மொழியியலாளர் இராணுவ இரகசிய எழுத்துமுறைக்கு ஆறு நிபந்தனைகள் எழுதினார். ஆறாவது நிபந்தனை, அந்த முறை கையாள எளிதாக இருக்கவேண்டும், நீண்ட விதிப் பட்டியலை மனதில் சுமக்கவேண்டி வரக்கூடாது என்பது. 1999இல் அல்மா விட்டனும் டக் டைகரும் மின்னஞ்சலை மற்றவர் வாசிக்க முடியாதபடி மறையாக்கும் பிஜிபி 5.0 மென்பொருளை 12 பேரிடம் கொடுத்து 90 நிமிடம் விட்டுப் பார்த்தார்கள். சரியாகக் கையொப்பமிட்டு மறையாக்கி அனுப்ப முடிந்தது மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான். மூன்று பேர் இரகசியச் செய்தியை அப்படியே திறந்தபடி அனுப்பிவிட்டார்கள். 2007இல் விண்டோஸ் விஸ்டா வீடுகளுக்கு வந்தபோது, சின்னச் சின்ன மாற்றத்துக்கெல்லாம் திரையை மங்கலாக்கி அனுமதி கேட்டது. சனம் வாசிக்காமலே "ஆம்" அழுத்தப் பழகிவிட்டது. 2009இல் வந்த விண்டோஸ் 7 அந்தக் கேள்விகளைக் குறைத்தது. அடிக்கடி கேட்கும் காவலாளியை ஒருவரும் கவனிப்பதில்லை என்பதை மைக்ரோசொப்ட் அப்படித்தான் கற்றுக்கொண்டது.

ஒரு வீட்டில் உள்ள பொறுமை அளவானது. அதை எங்கே செலவழிப்பது என்பதுதான் முழுக் கேள்வியும். நாள்தோறும் திறக்கும் கதவுகளை, அதாவது கணினியைத் திறத்தல், தட்டச்சு, வகுப்பு, அச்செடுத்தல் ஆகியவற்றை, இலகுவாக விடவேண்டும். மாதத்தில் ஒருமுறை, வருடத்தில் ஒருமுறை திறக்கும் கதவுகளில், அதாவது புது மென்பொருள் நிறுவுதல், கடவுச்சொல்லை மீட்டல், கணினியைத் திருத்தக் கொடுத்தல் ஆகியவற்றில், சிரமத்தை ஏற்றி வைக்கலாம். இந்த ஒழுங்கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகப் பார்ப்போம்.

எதைக் காக்கிறோம்

யாழ்ப்பாணத்தில் ஒரு கணினி பெரும்பாலும் ஒருவருக்கு மட்டும் உரியதல்ல. காலையில் ரியூசன் குறிப்பு, மத்தியானம் அம்மாவின் அலுவலகக் கடிதம், இரவில் கனடாவில் இருக்கும் பிள்ளையோடு பேசும் அம்மம்மா. அதற்குள் காணி உறுதியின் ஸ்கான், அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், விசாவுக்குப் போட்ட வங்கிக் கூற்று, கலியாணப் படங்கள். இவற்றைத் தேடி வெளிநாட்டு உளவாளி வரப்போவதில்லை. வரக்கூடியவை வேறு: பென்டிரைவில் ஒட்டிவரும் புழு, கள்ள மென்பொருளோடு வந்து கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் கோப்புப் பூட்டி, மின்னஞ்சல் கணக்கைப் பறிக்கும் போலி இணைப்பு, மின்னழுத்தம் ஏறி இறங்கிச் சாகும் வன்தட்டு. முதல் மூன்றுக்கும் எதிராகச் செய்யும் பல வேலைகள் நான்காவதில் உதவா. நான்காவதற்குச் செய்யும் ஒரு வேலை மற்ற மூன்றிலும் உதவும். அதற்குக் கடைசியில் வருவோம்.

அச்செடுக்கப் போன பென்டிரைவ்

எங்கள் ஊர்களில் தொற்று வரும் முதல் வாசல், போட்டோக்கொப்பி எடுக்கும் கொமினிகேஷன் கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஓடும் பென்டிரைவ். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பென்டிரைவைச் செருகினாலே அதிலிருந்த நிரல் தானாக ஓடலாம். 2011இல் மைக்ரோசொப்ட் அந்தத் தானியங்கி வசதியை யுஎஸ்பிக்கு நிறுத்தியது. புழுக்கள் அதன்பின் மனிதக் கையை நம்பத் தொடங்கின.

அது இப்படி நடக்கும். கடையில் இருந்து வந்த பென்டிரைவைத் திறக்கிறீர்கள். உங்கள் கோப்புறைகளைக் காணவில்லை. ஒரேயொரு படவுரு இருக்கிறது, அதன் இடது கீழ் மூலையில் சின்ன வளைந்த அம்புக்குறி. அது குறுக்குவழிக் கோப்பு. அதை இரண்டு தரம் அழுத்தினால் உங்கள் கோப்புகள் எல்லாம் வழக்கம்போலத் தெரியும். அதனால் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆனால் அந்தக் குறுக்குவழி முதலில் ஒரு மறைந்த நிரலை ஓடவிட்டு, இரண்டாவதாகத்தான் உங்கள் மறைத்துவைக்கப்பட்ட கோப்புறையைத் திறந்து காட்டியது. இனி உங்கள் கணினியில் செருகும் எல்லாப் பென்டிரைவுக்கும் அதே கதி.

இந்த நிலையில் பெரும்பாலானோர் செய்யும் பிழை, கோப்புகள் அழிந்துவிட்டன என்று நினைத்துப் போர்மட் செய்வது. அவை அழியவில்லை, மறைந்திருக்கின்றன. ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ பட்டியலில் மறைந்த கோப்புகளைக் காட்டும்படி தெரிவுசெய்யுங்கள். அதிலும் தெரியாவிட்டால் ஒப்ஷன்ஸில், காக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறைக்கும் பெட்டியில் உள்ள அடையாளத்தை எடுங்கள். இப்போது மங்கலான நிறத்தில் ஒரு கோப்புறை தெரியும், சிலவேளை பெயரே இல்லாமல். அதற்குள் இருக்கும் ஆவணங்களையும் படங்களையும் மட்டும் பிரதி எடுத்து, விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரால் அலசிவிட்டு, அதன்பின் போர்மட் செய்யலாம். வேலை முடிந்ததும் அந்தப் பெட்டியில் அடையாளத்தைத் திருப்பிப் போட மறக்கவேண்டாம். வீட்டில் சின்னப் பிள்ளை இயங்குதளக் கோப்பை அழித்துவிட்டால் அது வேறு தொல்லை.

அதே வியூ பட்டியலில் கோப்புப் பெயரின் பின்னொட்டைக் காட்டும் தெரிவை நிரந்தரமாகப் போட்டுவையுங்கள். பாடக்குறிப்பு என்ற பெயரில் வந்த கோப்பு பிடிஎஃப் என்று முடிந்து, அதற்குப் பிறகு ஈஎக்ஸ்ஈ என்று இன்னொரு பின்னொட்டு இருந்தால் அது குறிப்பு இல்லை, நிரல். பின்னொட்டு மறைந்திருக்கும்போது முதல் பாதி மட்டும்தான் கண்ணில் படும். இந்த மாற்றத்தால் வீட்டில் யாருக்கும் ஒரு சிரமமும் இல்லை. அதனாலேயே முதலில் செய்யவேண்டியது.

அச்சுக்கென்று ஒரு சின்னப் பென்டிரைவைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். வீட்டில் உள்ளவற்றில் மிகச் சிறியது போதும். அன்றைக்கு அச்செடுக்கவேண்டிய பிடிஎஃப் மட்டும் அதில் போகும். திரும்பி வந்ததும் எதையும் திறக்காமல், வலது பொத்தானை அழுத்தி விரைவுப் போர்மட். சில விநாடி வேலை. வட்ஸப்பில் கடைக்கு அனுப்பினால் பென்டிரைவே தேவையில்லை, உண்மைதான். ஆனால் அனுப்பிய அடையாள அட்டைப் பிரதி அந்தக் கடையின் கணினியில் தங்கிவிடும். ரியூசன் குறிப்புக்கு வட்ஸப் போதும். உறுதிக்கும் அடையாள அட்டைக்கும் பென்டிரைவோடு நேரில் போய், அச்செடுத்ததும் கணினியில் பிரதி எடுத்திருந்தால் அழிக்கச் சொல்லிவிட்டு வருவது நல்லது.

"வைரஸ் கார்டை நிப்பாட்டிப்போட்டு இன்ஸ்டோல் பண்ணுங்கோ"

கள்ள உரிமத்தோடு வரும் மென்பொருளின் குறிப்பில் இந்த வரி கட்டாயம் இருக்கும். காசு விஷயத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், அந்த வரிதான் பாதுகாப்பு முழுவதையும் கழற்றுகிறது. உரிமத்தை உடைக்கும் கருவியும் கோப்புப் பூட்டியும் ஒரே பொதியில் வருவது சாதாரணம். ஸ்டொப் அல்லது டிஜேவு என்று அழைக்கப்படும் கோப்புப் பூட்டிக் குடும்பம் பெரும்பாலும் இப்படித்தான் வீட்டுக் கணினிகளுக்குள் பரவியது. அது ஒவ்வொரு கோப்பின் தொடக்கப் பகுதியை மட்டும் மறையாக்கும், அதனால் மிக வேகமாக ஓடிமுடியும். 2019இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் மீட்புக் கருவி வெளியிட்டார்கள். பழைய வகைகளுக்குத்தான் அது பெரிதும் உதவியது.

கள்ளப் பிரதி தேவைப்படும் காரணத்தைத் தீர்க்காமல் "பாவிக்காதே" என்று மட்டும் சொன்னால் பொட்டு விழும். கடிதமும் கணக்கும்தான் தேவையென்றால் லிப்ரே ஒபிஸ் இலவசம். வேர்ட் கோப்புகளையும் திறக்கும். தமிழ் எழுத என்று எங்கிருந்தோ நிறுவிகளை இறக்குவது எங்களிடம் உள்ள இன்னொரு பழக்கம். 2019 மே மாதப் பதிப்பில் இருந்து விண்டோஸ் 10 உள்ளேயே தமிழ் ஒலிப்பு விசைப்பலகை உண்டு. நேரம், மொழி என்ற அமைப்புப் பகுதியில் தமிழைச் சேர்த்தால் போதும். பாமினி எழுத்துருவில் தட்டச்சிடப் பழகியவர்கள் அதை விடப்போவதில்லை, விடச்சொல்லவும் தேவையில்லை. எழுத்துரு ரிரிஎஃப் கோப்பாக வந்தால் நிறுவலாம். "எழுத்துரு" என்று சொல்லிக்கொண்டு ஈஎக்ஸ்ஈயாக வந்தால் அழித்துவிடுங்கள்.

தனியாக விலைக்கு வைரஸ் கார்ட் வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில் சுருக்கமானது: பெரும்பாலான வீடுகளுக்குத் தேவையில்லை. விண்டோஸ் 8இல் இருந்து டிஃபெண்டர் உள்ளேயே வருகிறது. கோப்புறைகளை அறியாத நிரல்கள் தொடாமல் தடுக்கும் வசதியும் அதில் உண்டு, ஆனால் வழக்கத்தில் அணைந்தே இருக்கும். அதைப் போட்டால் நம்பகமான சில மென்பொருள்கள்கூட ஆவணங்கள் கோப்புறையில் சேமிக்க முடியாமல் புரியாத பிழைச் செய்தி காட்டும். ஒவ்வொன்றையும் அனுமதிப் பட்டியலில் சேர்க்க வீட்டில் ஒருவர் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் அந்தப் பொறுமையைப் பிரதி எடுப்பதற்குச் சேமித்துவையுங்கள்.

இரண்டு கணக்கு

நாளாந்த வேலைக்கு ஒரு சாதாரணக் கணக்கு, நிறுவுவதற்கு ஒரு நிர்வாகிக் கணக்கு. வீட்டுக் கணினியில் அரை மணித்தியாலத்தில் செய்யக்கூடிய நல்ல மாற்றம் இதுதான். செட்டிங்ஸில் எக்கவுண்ட்ஸ், அதில் மற்றப் பயனர்கள் என்ற பகுதி. அங்கே புதுக் கணக்கு ஒன்றைச் சேர்த்து, அதன் வகையை அட்மினிஸ்ட்ரேட்டர் என்று மாற்றி, நல்ல கடவுச்சொல் போடுங்கள். புதுக் கணக்கினுள் ஒருமுறை நுழைந்து எல்லாம் சரியாக ஓடுகிறதா பாருங்கள். பிறகு, அந்தப் புதுக் கணக்கில் இருந்துகொண்டே, பழைய கணக்கை ஸ்டாண்டர்ட் ஆக இறக்குங்கள். ஒழுங்கு முக்கியம். புது நிர்வாகியின் கடவுச்சொல்லைச் சோதிக்காமல் பழையதை இறக்கினால் வெளியே நின்று கதவைத் தட்டவேண்டிவரும். பழைய கணக்கிலேயே தொடர்வதால் படங்கள், குறிப்புகள், உலாவியின் புத்தகக்குறிகள் ஒன்றும் இடம் மாறுவதில்லை. வீட்டாருக்கு மாற்றமே தெரியாது.

நிர்வாகிக் கணக்கில் இருப்பவரிடம் விண்டோஸ் ஆமா இல்லையா என்று மட்டும் கேட்கும். சாதாரணக் கணக்கில் இருப்பவரிடம் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். அந்த ஒரு நொடித் தடங்கலில் "நான் இப்ப எதையும் இன்ஸ்டோல் பண்ணேல்லையே" என்ற யோசனை வரும். நாள்தோறும் வராத கேள்வி என்பதால் அதற்கு மதிப்பும் இருக்கும்.

இது எல்லாவற்றையும் தடுக்காது. சூம், குரோம் போன்றவை பயனரின் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே தங்களை நிறுவிக்கொள்ளக்கூடியவை. நிர்வாகியைக் கேட்கத் தேவையில்லை. நன்மை, பிள்ளையின் வகுப்பு நிற்காது. தீமை, கெட்ட நிரலும் அதே வழியால் வந்து அந்தக் கணக்கில் உள்ள ஆவணங்களைப் பூட்டலாம். சாதாரணக் கணக்கு இயங்குதளத்தைக் காக்கும், அம்மாவின் ஆவணங்களைக் காக்காது.

கடவுச்சொல்

பெரிய எழுத்து, இலக்கம், குறி எல்லாம் கலக்கவேண்டும், 90 நாளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்ற விதி பரவியதில், அமெரிக்காவின் தேசிய நியமங்கள் நிறுவனம் 2004இல் வெளியிட்ட வழிகாட்டிக்குப் பெரிய பங்குண்டு. 2017இல் அதே நிறுவனம் அதைக் கைவிட்டது: காரணமின்றி மாற்றச் சொல்லாதே, கலவை விதி வேண்டாம், நீளத்தைப் பார் என்றது. மாற்றச் சொன்னால் மனிதர் கடைசி இலக்கத்தை ஒன்றால் கூட்டுவார்கள் என்பது தெளிவாகியிருந்தது.

நான்கு சம்பந்தமில்லாத சொற்கள் போதும், ஆனால் அவற்றை நீங்கள் தெரிவுசெய்யக்கூடாது. நல்லூர், முருகன், பிள்ளையின் பெயர், பிறந்த ஆண்டு ஆகியவைதான் உங்களை அறிந்தவர் முதலில் போட்டுப் பார்ப்பவை. அகராதியைக் கண்ணை மூடித் திறந்து விரல் பட்ட சொல்லை எடுங்கள், நான்கு தரம். ஆறு பக்கத் தாயக்கட்டையால் சொல்லைத் தெரிவுசெய்யும் முறையை 1995இல் ஆர்னோல்ட் ரைன்ஹோல்ட் எழுதினார்: ஐந்து தரம் உருட்டினால் 7,776 சொல்லில் ஒன்று. நான்கு சொற்களுக்குச் சுமார் 36 கோடி கோடிச் சேர்க்கைகள் வரும். எட்டுச் சின்ன ஆங்கில எழுத்துகளில் வருவது சுமார் இருபதாயிரம் கோடி. சொற்கள் நினைவில் நிற்கும், எழுத்துக் குவியல் நிற்காது.

தமிழ்ச் சொற்களைத் தாராளமாக எடுக்கலாம், ஆனால் ஆங்கில எழுத்தில் தட்டச்சிடுங்கள். காரணம், கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான ஒருங்குறிக்குள் இருக்கிறது. "கொ" என்ற எழுத்தைக் கவனியுங்கள். அதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம்; முன்னே ஒற்றைக் கொம்பு, பின்னே கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கடவுச்சொல்லை ஒப்பிடும் மென்பொருளுக்கு அவை வேறு வேறாக இருக்கலாம். வீட்டில் ஒரு விசைப்பலகையால் வைத்த சொல்லை லண்டனில் வேறு விசைப்பலகையால் தட்டினால் கதவு திறக்காமல் போகும், ஏனென்றும் விளங்காது.

எல்லா இடத்துக்கும் வேறு வேறு சொல் என்பது மனித மூளையால் ஆகிற காரியம் இல்லை. பிட்வோர்டன், கீபாஸ் போன்ற கடவுச்சொல் பெட்டகங்கள் இதற்குத்தான். அம்மா பெட்டகம் பாவிக்க மாட்டார் என்றால், ஒரு கொப்பியில் எழுதி உறுதிகளோடு அலுமாரியில் வைப்பது முற்றிலும் சரி. ரஷ்யாவில் இருந்து கடவுச்சொல் திருடுபவரால் சுன்னாகத்து அலுமாரியைத் திறக்க முடியாது. திரையில் ஒட்டுவதுதான் பிழை. கணினியைத் திறக்க நான்கு அல்லது ஆறு இலக்கப் பின் (PIN) எண் போதும்; அந்த எண் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே செல்லும், சில தரம் பிழைத்தால் காத்திருக்க வைக்கும். அடிக்கடி திறக்கும் கதவு, ஆகவே இலகுவாக இருக்கட்டும்.

சிரமத்தை ஏற்றவேண்டிய கதவு மின்னஞ்சல். மற்றக் கணக்குகள் எல்லாவற்றின் கடவுச்சொல்லையும் மீட்கும் கடிதம் அங்கேதான் வரும். இரண்டாம் படிச் சரிபார்ப்பை அங்கே போடுங்கள். குறுஞ்செய்தியால் வரும் எண்ணைவிடத் தொலைபேசிச் செயலி உருவாக்கும் எண் நல்லது. வெளிநாடு போகும்போது உள்ளூர் சிம் அணைந்துவிட்டால் குறுஞ்செய்தி வராது. கூகுள் தரும் பத்து மீட்புக் குறியீடுகளை அச்செடுத்து அந்தக் கொப்பிக்குள் வையுங்கள். தொலைபேசி கிணற்றுக்குள் விழுந்தாலும் கணக்கு போகாது.

புதுப்பித்தலும் கரண்டும்

2017 மார்ச் 14இல் மைக்ரோசொப்ட் ஓர் ஓட்டையை அடைத்தது. மே 12இல் வன்னாகிரை என்ற கோப்புப் பூட்டி அதே ஓட்டையால் உலகெங்கும் புகுந்தது. இடையில் 59 நாள். பெரும்பாலும் புதுப்பித்தலைத் தள்ளிப்போட்டவர்களே மாட்டினார்கள்.

ஆனால் இங்கே தள்ளிப்போடுபவருக்குக் காரணம் உண்டு. மாதப் பொதியில் தரவு அளவு, பின்னேரம் கரண்ட் போகும் பயம், காலையில் வகுப்புக்கு முன் "புதுப்பிக்கிறது, அணைக்கவேண்டாம்" என்று சுற்றும் வட்டம். இவற்றுக்கு அமைப்புகளுக்குள்ளேயே தீர்வு இருக்கிறது. வகுப்பு நேரங்களை அக்டிவ் அவர்ஸ் என்பதில் குறித்தால் அந்த நேரத்தில் தானாக மறுதொடக்கம் நடக்காது. வைபையை மீட்டர்ட், அதாவது தரவை அளந்து பாவிக்கவேண்டிய இணைப்பு, என்று குறித்தால் பெரிய இறக்கங்கள் காத்திருக்கும். பிறகு தரவு மீதமிருக்கும் இரவில் நீங்களே தொடக்கிவிடலாம். இரண்டு கணினி உள்ள வீட்டில், ஒன்று இறக்கியதை மற்றது உள்வலையால் எடுக்கும் டெலிவரி ஒப்டிமைசேஷனைப் போடலாம். மேசைக் கணினிக்கு ஒரு 650 விஏ யுபிஎஸ் சில நிமிடம் தரும். அது வேலையைச் சேமித்து அணைப்பதற்கான நேரம், தொடர்ந்து வேலை செய்வதற்கு இல்லை. நடுவில் கரண்ட் போனால் விண்டோஸ் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிக்கொள்ளும். கணினியைத் தொடக்கும் அடிப்படை நிரலான பயோஸின் புதுப்பித்தலுக்கு அந்த வசதி எல்லாக் கணினியிலும் இல்லை. யுபிஎஸ் இல்லாமல் அதைத் தொடவேண்டாம்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தது. நீட்டிப்பில் சேர்ந்த வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் வரும். விண்டோஸ் 11க்கு ரிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பின். அதற்குள் அடங்காத நல்ல கணினியை எறியவேண்டாம். உலாவி, கடிதம், காணொளி மட்டும் பாவிக்கும் அம்மம்மாவின் கணினிக்கு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் நன்றாகப் பொருந்தும். பழைய அச்சுப்பொறி வேலை செய்கிறதா என்பதை நிறுவாமலே பென்டிரைவில் இருந்து ஓடவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

திருத்தக் கொடுக்கும்போது

புதிய மடிக்கணினிகளில் வன்தட்டு தானாகவே மறையாக்கப்பட்டிருக்கலாம். மைக்ரோசொப்ட் கணக்கால் நுழைந்தாலே அது தொடங்கிவிடும். பேருந்தில் களவுபோனால் உங்கள் ஆவணத்தை யாரும் வாசிக்க முடியாது. ஆனால் தாய்ப்பலகை மாற்றினாலோ பயோஸ் அமைப்பு மாறினாலோ, நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது இல்லையென்றால் கோப்புகள் போனவைதான். கடைக்காரர் மேல் பிழை இல்லை. இன்றே மைக்ரோசொப்ட் கணக்கின் தளத்தில் அந்தச் சாவியைத் தேடி எடுத்து அச்செடுத்துக் கொப்பிக்குள் வையுங்கள். மறையாக்காத மேசைக் கணினியைக் கொடுக்கும்போது கடவுச்சொல் சொல்லாவிட்டாலும் உள்ளே இருப்பதை வாசிக்கலாம் என்பதை அறிந்துகொண்டு கொடுங்கள். பவர் சப்ளைதான் பிழையென்றால் வன்தட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கொடுக்கலாம்.

வெளிநாட்டில் இருந்து பெறாமகன் திருத்துவது இன்னொரு வகை. எந்த நேரமும் உள்ளே வரும்படி தொலை இயக்க மென்பொருளை நிரந்தரமாகத் திறந்து வைப்பது அவருக்கு வசதி. அவர் கடவுச்சொல் கசிந்தால் மற்றவருக்கும் வசதி. விண்டோஸில் உள்ள குவிக் அசிஸ்ட் ஒவ்வொரு தரமும் புதுக் குறியீடு கேட்கும், சில நிமிடத்தில் அது காலாவதியாகும். அம்மாவிடம் ஒரே விதியைச் சொல்லுங்கள்: நாங்கள் எடுத்துக் கேட்டால் மட்டும் உதவி, யாராவது தாங்களாக எடுத்து கணினியில் பிழை என்றால் தொலைபேசியை வைக்கவேண்டும். தொலைபேசிக்கு வரும் ஆறிலக்க எண்ணை யார் கேட்டாலும், அந்தப் பெறாமகன் கேட்டாலும், சொல்லக்கூடாது.

பிரதி

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. 1995 ஒக்டோபர் கடைசியில் குடாநாட்டை விட்டு வெளிக்கிட்ட குடும்பங்களில் எத்தனையோ பேர் அல்பங்களைத் திரும்பக் காணவில்லை. ஒரே இடத்தில் ஒரே பிரதி என்றால் என்னவென்று இந்த ஊருக்கு விளக்கத் தேவையில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் வருடி இணையத்தில் வைத்துவருகிறது. வீட்டுக்கும் அதே கவனம் வேண்டும்.

மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வீட்டுக்கு வெளியே. கணினியில் இருப்பது ஒன்று. வெளி வன்தட்டில் ஒன்று. ஒரு ரெராபைட் பெரும்பாலான வீடுகளுக்குப் பல வருடம் போதும். அதைப் பிரதி எடுக்கும்போது மட்டும் செருகி, முடிந்ததும் கழற்றி அலுமாரியில் வையுங்கள். செருகியபடியே விட்டால் கோப்புப் பூட்டி அதையும் சேர்த்துப் பூட்டும், மின்னழுத்தம் எகிறினால் இரண்டும் சேர்ந்து போகும். மூன்றாவது, கொழும்பிலோ வெளிநாட்டிலோ உள்ள உறவினர் வீட்டில் ஒரு வன்தட்டு, அல்லது மேகச் சேமிப்பு. கூகுள் இலவசமாக 15 ஜிகாபைட் தருகிறது, ஒன்ட்ரைவ் 5. எல்லாப் படத்துக்கும் இது காணாது. உறுதி, சான்றிதழ், அடையாள ஆவணங்களுக்குத் தாராளம். ஒத்திசைவு வேறு, பிரதி வேறு என்பதைக் கவனியுங்கள்: கணினியில் அழித்தால் மேகத்திலும் அழியும், குப்பைத்தொட்டியில் குறிப்பிட்ட நாட்கள் மட்டும் இருக்கும்.

இதைத் தானியங்கியாக்க முடியாத காரணம் அந்தக் கழற்றி வைப்பதுதான். அதனால் பிரதி எடுக்கும் நாளை வேறொரு பழக்கத்தோடு கட்டுங்கள். வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிற வீடுகளில், தரை காயும் நேரத்தில் வன்தட்டைச் செருகலாம். ஃபைல் ஹிஸ்டரியில் அந்த வன்தட்டைத் தெரிவுசெய்திருந்தால், செருகியதும் மாறிய கோப்புகள் மட்டும் போகும். வாரத்தில் ஒருமுறை என்றால் பெரும்பாலும் சில நிமிடம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த வன்தட்டை வேறொரு கணினியில் செருகி, பழைய கலியாணப் படம் ஒன்றையும் உறுதியின் ஸ்கான் ஒன்றையும் திறந்து பாருங்கள். படம் முழுதாக விரிந்து, உறுதியின் கடைசிப் பக்கத்தில் நொத்தாரிசின் முத்திரை வாசிக்கக்கூடியதாக இருந்தால் அந்தப் பிரதி உயிரோடு இருக்கிறது. வன்தட்டைப் போர்மட் செய்யவேண்டும் என்று விண்டோஸ் கேட்டால் இல்லை என்று அழுத்தி, பாதுகாப்பாகக் கழற்றி, வேறு கேபிளில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மேசைக் கணினியின் முன்பக்க யுஎஸ்பி வாயில் மின்சாரம் காணாமல் இப்படிக் கேட்பதுண்டு. பின்பக்க வாயில் செருகினால் திறக்கும். அங்கும் திறக்காவிட்டால், கணினியில் உள்ள மூலம் இன்னும் நன்றாக இருக்கும்போதே வேறு வன்தட்டு வாங்கவேண்டும்.